உறவுமுறை (இருந்தால்)

ஒரு வீட்டுல டிவி ரிமோட் யார் கையில இருக்கோ அவங்கதான் ஆளுங்கட்சி. ஊர்ல அம்மா கையில இருந்த காலத்துல 'மெட்டி ஒலி' ஓடுச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஆட்சி தங்கமணி கைக்கு மாறிச்சு. நாக்பூருக்கு மாற்றலாகி வந்ததும் மக கைப்பத்திட்டா. நான் எந்தக் காலத்துலயும் எதிர்க்கட்சி கூடக் கிடையாது. வெறும் பார்வையாளர் மாடம்தான் :-)

2023 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை. வெளியில மழை விடாமக் கொட்டிட்டு இருந்தது. மக அப்போ பத்தாவது. "அப்பா, ஒரு சீரியல் போடறேன். கூட உக்காந்து பாருங்க. புடிக்கலன்னா எழுந்து போயிடலாம், ஆனா நடுவுல கமெண்ட் அடிக்கக் கூடாது"ன்னு கண்டிஷன் போட்டா. பேரு 'ஹார்ட்ஸ்டாப்பர்'. பேரைப் பார்த்து, ஏதோ இருதய டாக்டர் கதை போலன்னு நினைச்சு சாஞ்சு உக்காந்தேன்.

டாக்டர் கதை இல்லீங்க. இங்கிலாந்துல ஒரு ஆண்கள் பள்ளிக்கூடம். சார்லின்னு ஒரு பையன், தன்பாலீர்ப்பு உள்ளவன். அவனா விரும்பிச் சொல்றதுக்கு முன்னாடியே விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, முந்தின வருஷம் பூரா கேலியும் அடியுமா வாங்கியிருக்கான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில உக்கார்ற நிக், ரக்பி ஆடற தடியன், ஆனா தங்கமான பையன். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மெல்ல மெல்ல மலர்ற காதல்தான் கதை. அலிஸ் ஓஸ்மன் வரைஞ்சு எழுதின சித்திரக் கதையை வச்சு எடுத்தது. முதல் பாகம் 2022 ஏப்ரல்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தது, எட்டு எபிசோடு. நாங்க பார்க்க உக்காந்த அந்த மாசம்தான் ரெண்டாம் பாகம் வந்திருந்தது.

உண்மையைச் சொல்லணும்னா, முதல் பத்து நிமிஷம் எனக்கு எங்க பார்க்கறதுன்னே தெரியல. பக்கத்துல பெத்த பொண்ணு. ஃபேனைப் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன். தங்கமணி அடுப்படியில பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாவே வச்சாங்க. மக மட்டும் முறுக்கு சாப்பிட்டுக்கிட்டே சாதாரணமாப் பார்த்தா.

என்னைப் பிடிச்சு உக்கார வச்சது அந்தக் காதல் இல்ல. அஜாயின்னு வர்ற ஒரு ஓவிய வாத்தியார். ஃபிசாயோ அக்கினாடேங்கற நடிகர் செஞ்சிருக்கார். மத்த பசங்க எல்லாம் ஒண்ணா சாப்பிடற நேரத்துல சார்லி அந்த ஓவிய அறையில வந்து உக்காந்து தனியா சாப்பிடுவான். அஜாயி அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்துட்டு இருப்பார். நடுநடுவுல பையன் புலம்புவான். அவர் அரை வரியில ஏதாவது சொல்வார், பாதி கிண்டல். அவரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்தான். ஆனா அதை ஒரு பிரசங்கமாப் பண்ணவே மாட்டார். "நான் வளர்ந்துட்டேன், வேலைக்குப் போறேன், சிரிக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன்"னு அந்தப் பையனுக்குத் தெரியற மாதிரி சும்மா எதிர்ல இருக்கார். அவ்வளவுதான் அவர் செய்யற உதவி.

முதல் பாகத்தோட கடைசியில ஒரு கட்டம். தன்னால மத்தவங்களுக்குத்தான் கஷ்டம், ஒதுங்கிடறதே நல்லதுன்னு சார்லி முடிவு பண்ணியிருப்பான். அப்போ அஜாயி, 'யாருக்காகவும் உன்னை நீயே இல்லாமப் பண்ணிக்காதே'ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தை சொல்வார். ஒளிஞ்சுக்க இடம் கொடுத்த அதே மனுஷன்தான், ஒளிஞ்சது போதும்னு சொல்றதும்.

நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன். தாகம் இல்ல.

இப்போ கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். (இதை அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேரு வேண்டாம். ஊரையும் கொஞ்சம் மாத்தியிருக்கேன். அவன் விஷயத்தை அவனைக் கேக்காம ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.)

2011. மத்தியப் பிரதேசத்துல ஒரு சின்ன ஊர்க் கிளையில இருந்தேன். புதுசா ஒரு ட்ரெய்னி ஆபீசர் வந்தான். நம்ம பக்கத்துப் பையன், இருபத்தி நாலு வயசு. இந்தி சுத்தமா வராது. தமிழ்க் குரல் கேட்டா எப்படி ஒட்டிக்குவோம்னு உங்களுக்குத் தெரியாததா? ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுலதான் சாப்பாடு. "அக்கா, வத்தக்குழம்பு இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே வருவான். நாலு வயசு மகளைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்துவான்.

மார்ச் 31 ராத்திரி. வருஷக் கணக்கு முடிக்கற நாள். மத்த ஸ்டாஃப் எல்லாம் கிளம்பியாச்சு. சிஸ்டத்துல ஏதோ ஓடி முடியணும்னு நாங்க ரெண்டு பேர் மட்டும் காத்துக்கிட்டு இருந்தோம். மணி பதினொண்ணு இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

"சார், வீட்டுல பொண்ணு பார்க்கறாங்க."

"நல்ல விஷயம்தானேப்பா."

"எனக்குப் பொண்ணுங்க மேல அந்த மாதிரி எண்ணம் வந்ததே இல்ல சார். பசங்க மேலதான். சின்ன வயசுலேர்ந்தே. யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன்."

அவன் எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்திருப்பான் அந்த நாலு வரிக்கு! நான் பதில் சொல்ல அஞ்சு செகண்டு கூட எடுத்துக்கல.

"இதெல்லாம் சும்மா மனப்பிராந்திப்பா. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்."

"சரி சார்"னான். கணக்கு முடிஞ்சது. அன்னிக்கு ஒரு ரூபா கூட வித்தியாசம் வரல.

2012ல கல்யாணம். லீவு போட்டு ரயிலேறிப் போயி, மொய் ஆயிரத்தொண்ணு எழுதிட்டு, மேடையில நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டு வந்தேன். ரெண்டே வருஷத்துல விவாகரத்து. அவன் வேற ஊருக்கு மாற்றல் வாங்கிட்டுப் போனான். நம்ம வீட்டுக்கு வர்றதும் போன் பண்றதும் நின்னு போச்சு. அந்தப் பொண்ணைப் பத்தி நான் அன்னிக்கு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. என் வாயிலேர்ந்து வந்த ஒரு வரி, முகமே தெரியாத ஒரு பொண்ணோட ரெண்டு வருஷத்தையும் தின்னுடுச்சு. அவ என்ன தப்பு பண்ணினா?

சட்டத்துக்குப் பயந்து சொன்னேன்னு கூட சாக்கு சொல்ல முடியாது. 2009 ஜூலையிலயே டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றம் இல்லன்னு தீர்ப்பு கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாத்தினது 2013 டிசம்பர்ல. மறுபடி குற்றம் இல்லன்னு ஆனது 2018 செப்டம்பர் 6. நாங்க பேசின அந்த ராத்திரி, சட்டம் அவன் பக்கம்தான் இருந்தது. நான்தான் இல்ல.

அப்போ ஏன் அப்படிச் சொன்னேன்? தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காந்தப்போ இதுக்குப் பதில் தெரியல. ரெண்டாம் பாகம் பார்க்கும்போதுதான் கிடைச்சது.

அதுல பசங்க எல்லாரும் பாரீஸ் சுற்றுலா போறாங்க. துணைக்கு அஜாயியும் ஃபரூக்னு ஒரு வாத்தியாரும் போறாங்க. ஃபரூக் கறார் பேர்வழி, சிரிப்பே வராது. அந்த மனுஷன் ஒரு ராத்திரி அஜாயிகிட்ட மனசு விட்டுப் பேசறார். தான் யாருன்னு தனக்கே தெரிஞ்சது இருபதுகளோட கடைசியிலதான், அதுக்குள்ள இளவயசுல அனுபவிக்க வேண்டிய அழகான விஷயமெல்லாம் கை விட்டுப் போச்சுங்கறார். அதுக்கெல்லாம் வயசு வரம்பு எதுவும் இல்லைங்கற மாதிரி அஜாயி பதில் சொல்றார்.

பசங்களுக்கு வழி காட்ட வந்த வாத்தியாருக்கே, வழி காட்ட ஒருத்தர் தேவைப்படறார் பாருங்க. அது ஏன்னு யோசிச்சேன். தொடர்ல இதைச் சொல்லல, இது என் கணக்கு. இங்கிலாந்துல 1988ல 'செக்‌ஷன் 28'ன்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாதுன்னு. ஊக்குவிக்கறதுன்னா என்னன்னு யாருக்கும் தெளிவாத் தெரியாது. அதனால பள்ளிக்கூடத்துல வாத்தியார்கள் வாயையே திறக்கல. ஒரு பையன் அடி வாங்கிட்டு வந்து நின்னாக் கூட, ஆறுதல் சொன்னா வேலைக்கு ஆபத்து வருமோன்னு பயம். இங்கிலாந்துல அது நீங்கினது 2003ல. அஜாயி, ஃபரூக் வயசு ஆளுங்க பள்ளிக்கூடம் படிச்சது அந்த வாய் மூடின காலத்துலதான். அவங்களுக்கு ஓவிய அறை இருந்திருக்காது.

அந்த நாட்டுல அதுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நாங்க சட்டம் இல்லாமலே அதைச் செஞ்சோம்.

கும்பகோணத்துல நான் பி.காம் படிச்சப்போ எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். காஸ்ட் அக்கவுண்டிங் எடுப்பார். தங்கமான மனுஷன். கல்யாணம் பண்ணிக்கல. நடை கொஞ்சம் நளினமா இருக்கும். அவருக்கு நாங்க வச்சிருந்த பட்டப்பேரை இங்க எழுத மாட்டேன். அவர் போர்டு பக்கம் திரும்பினதும் பின் பெஞ்சுலேர்ந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துல என் குரலும் உண்டு. அவர் அப்படியா இல்லையா, இன்னி வரைக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா அந்த வகுப்புல அறுபது பேர் இருந்தோம். அதுல ஒருத்தன், ரெண்டு பேராவது உள்ளுக்குள்ள தவிச்சிக்கிட்டு இருந்திருப்பான் இல்லையா? 'இப்படி இருந்தா உனக்கும் இந்தச் சத்தம்தான்'னு அவனுக்கு தினம் பாடம் எடுத்தது அந்த வாத்தியார் இல்ல, நாங்க.

2011ல தம்பி என் முன்னாடி நின்னப்போ, எனக்கு அந்தப் பின் பெஞ்சு சத்தம்தான் கேட்டிருக்கு. இவனுக்கு ஆதரவாப் பேசினா என்னை என்ன நினைப்பாங்க, கிளையில தெரிஞ்சா என்ன ஆகும், பொண்ணு வளர்ற வீட்டுக்கு இவன் வந்துட்டுப் போறானேன்னு நாலு பேர் கேட்டா என்ன சொல்றது... இவ்வளவும் அந்த அஞ்சு செகண்டுல. அவன் கஷ்டத்துக்கு நான் பதில் சொல்லவே இல்ல. என் பயத்துக்குத்தான் பதில் சொன்னேன். அதுக்கு அறிவுரைன்னு பேர் வச்சேன்.

நிக் பையனைப் பாருங்க. அவனுக்கு ஆரம்பத்துல கேக்க ஆளே இல்ல. ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, 'நான் யாரு'ன்னு இணையத்துல கேட்டுட்டு அழுதுக்கிட்டு உக்காந்திருப்பான். அப்புறம் அவன் வயசுப் பொண்ணுங்க தாராவும் டார்சியும் வெளிப்படையா இருக்கறதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தைரியம் வருது. கடைசியில அம்மாகிட்ட சொல்றான், தட்டுத் தடுமாறி. அந்த அம்மா (ஒலிவியா கோல்மன், என்ன நடிப்பு!) பையனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேக்கறாங்க. என்கிட்ட சொல்ல முடியாதுன்னு நீ நினைக்கற மாதிரி நான் எப்பவாவது நடந்திருந்தா மன்னிச்சுக்கோன்னு. தங்கமணி அந்த நேரம் அடுப்படியை விட்டு வந்து கதவுல சாஞ்சு நின்னுட்டு இருந்தாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நம்ம வத்தக்குழம்புத் தம்பி இப்போ எங்கங்க இருக்கான்?"னாங்க.

நான் அவங்ககிட்ட எதுவும் சொன்னதே இல்ல. அவங்களாப் புரிஞ்சு வச்சிருந்திருக்காங்க, எத்தனை வருஷமோ.

அப்பவும் போன் எடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. கடன் வாங்கினவன் வங்கிப் பக்கம் வராம சுத்துவழியில போற மாதிரிதான்.

2023 அக்டோபர் 17ல உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் கொடுக்க மறுத்துடுச்சு. ஆனா அவங்களோட அன்றாடச் சிக்கல்களைப் பார்க்கச் சொன்னது. அதோட தொடர்ச்சியா 2024 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியும், 28ஆம் தேதி நிதி அமைச்சகமும் ஒரு விளக்கம் கொடுத்தாங்க. பால்புதுமையர் ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்க எந்தத் தடையும் இல்ல, தன் இணையரை நாமினியாவும் போடலாம்னு.

அதைப் படிச்சதும் பீரோவுலேர்ந்து டி.ஏ.1 படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இருபது வருஷமா ஆயிரக்கணக்குல கையெழுத்துப் போட்டு வாங்கின நாமினேஷன் படிவம். அதுல நாமினிக்கும் கணக்கு வச்சிருக்கறவருக்கும் என்ன உறவுன்னு ஒரு கட்டம். அந்தத் தலைப்புலயே 'இருந்தால்'னு அச்சடிச்சிருக்கு. உறவுமுறை, இருந்தால். அதாவது உறவே இல்லாட்டியும் யாரை வேணா போட்டிருக்கலாம். விதி எப்பவோ இடம் விட்டு வச்சிருந்தது. "ரத்த சொந்தம் யாரும் இல்லையா சார்? அண்ணன் பேரைப் போடுங்களேன்"னு கவுண்டர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தது நானு. எத்தனை பேர் தயங்கிட்டு அண்ணன் பேரை எழுதிட்டுப் போனாங்களோ.

அன்னிக்கு ராத்திரி தம்பிக்கு வாட்ஸப்ல அந்த விளக்கத்தை அனுப்பினேன். கீழே எழுதினேன்: "2011ல நான் உனக்குச் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லல, பயந்து சொன்னேன். மன்னிச்சுக்கோப்பா."

ரெண்டு நீல டிக் வந்தது. பதில் வரல. மறுநாள் மத்தியானம் போனே பண்ணிட்டான். அக்கா எப்படி இருக்காங்க, பாப்பா எவ்வளவு உயரம்னு கேட்டான். அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு சொன்னான். "நீங்க சொன்னதாலதான் கல்யாணம் பண்ணேன்னு சொல்ல மாட்டேன் சார். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. ஆனா நீங்க வேற மாதிரி சொல்வீங்கன்னு நினைச்சேன்."

இத்தனை வருஷ சர்வீஸ்ல எந்த ஆடிட்டரும் என்னை இவ்வளவு சுருக்கமா எழுதினதில்ல.

அந்தப் பொண்ணு மறுமணம் செஞ்சுக்கிட்டு நல்லா இருக்காளாம். "அவகிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பு என்னோடது சார். கேட்டுட்டேன்"னான். இப்போ அவன் கூட ஒருத்தர் இருக்கார், அஞ்சு வருஷமா. மும்பையில ஸ்கூல் வாத்தியார். "என்ன சப்ஜெக்ட்?"னு கேட்டேன். கணக்காம். ஓவியமா இருக்கும்னு நினைச்சேன், அதெல்லாம் சீரியல்லதான் நடக்கும் போல :-)

வைக்கறதுக்கு முன்னாடி வங்கிக்காரன் கேள்வி ஒண்ணு கேட்டான். "சார், அந்த உறவுமுறைக் கட்டத்துல என்ன எழுதறது?"

"இருந்தால்னு போட்டிருக்குப்பா. கட்டாயம் இல்ல. உனக்கு எது சரியோ அதை எழுது. யாராவது கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு."

"யோசிச்சு எழுதறேன் சார்"னான். என்ன எழுதினான்னு நான் இன்னும் கேக்கல.

இதை ஏன் எழுதறேன்னா, நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நிறைய பேர் இதைப் படிக்கறீங்க. உங்க வீட்டுக்கும் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு பையனோ பொண்ணோ வருவாங்க. வேலைக்கு வந்தவங்க, ஹாஸ்டல்ல படிக்கறவங்க. அவங்களுக்கு இந்த ஊர்ல நீங்கதான் சித்தப்பா, அத்தை எல்லாம். ஒருநாள் அவங்க கம்ப்யூட்டரையோ தட்டையோ பார்த்துக்கிட்டே ஏதாவது சொல்லலாம். உங்க பிள்ளையே சொல்லலாம். பதில் தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல இப்படி ஒரு வழக்கு வந்தப்போ, தனக்கே இதுல முழுப் புரிதல் இல்லைன்னு ஒத்துக்கிட்டு, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உக்காந்து கேட்டுட்டு வந்துதான் உத்தரவு எழுதினார். மனசை 'மாத்தற' சிகிச்சைக்குத் தடை போட்டார். நீதிபதியே கேட்டுத் தெரிஞ்சுக்கும்போது நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? ஆனா அவங்க சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டு போகாதீங்க. கல்யாணம் பண்ணினா சரியாயிடும்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. அதுக்கு ரெண்டு பேர் விலை கொடுக்கணும்.

போன தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தான். அந்தக் கணக்கு வாத்தியாரும் கூட வந்திருந்தார். தங்கமணி வத்தக்குழம்பு வச்சிருந்தாங்க. வாத்தியாருக்குக் காரம் தாங்கல, மூக்கு ஒழுக ஒழுக ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு ஆனதும் மக ரிமோட்டை எடுத்து அவர் கையில கொடுத்தா.

எனக்கு இது வரைக்கும் கொடுத்ததில்ல.